கொண்டையில் இருந்த கிளிப்

புல்வெட்டும் வண்டி ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகிறது. அடியில் குனிந்து பார்த்த மெக்கானிக், "ஸ்டியரிங் கம்பியில மாட்டுற கிளிப்பு கழண்டு விழுந்திருச்சுக்கா. சின்ன சாமான்தான்லா" என்றார்.

வெட்டிய புல்லும் கிரீசும் கலந்த அந்த வாடை. அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா எஸ்டேட் துரையின் பங்களாவில் இப்படியொரு வண்டி ஓட்டினார். பள்ளி நடனத்துக்குக் கொண்டை ஊசி இல்லையென்று, அதே போலிருந்த கிளிப்பை வண்டியின் அடியிலிருந்து நான்தான் உருவினேன். அன்று வண்டி திரும்பாமல் துரையின் ரோஜாப் பாத்திக்குள் இறங்கியது.

"காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" லயத்து வீடுகளே திரண்டு பார்க்க, எஸ்டேட் கணக்கரான கிராணி கேட்டார். குடியைத் தொடாத அப்பா தலைகுனிந்து நின்றார். கிளிப் என் கொண்டையில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மாலையில் ஆடினேன். முன்வரிசையில் அப்பா கைதட்டினார்.

மெக்கானிக் புது கிளிப்பை மாட்டுகிறார். என் கை கொண்டைக்குப் போகிறது.