ஆடியில் வந்த விண்ணப்பம்

திருச்சியில் கல்லூரியில் படிக்கும் என் மகள் கமலம் வகுப்பில் முதலாவதாகத் தேறியதால், அவளுக்கு உபகாரச் சம்பளம் கிடைக்க இருந்தது. தகப்பன் கையெழுத்துக்காக விண்ணப்பத்தை அனுப்பியிருந்தாள். ஆடி மாதமாயிற்றே, ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் போடலாமென்று சாமி படத்தடியில் வைத்துவிட்டேன். அவளுக்கு ஒரு வரி எழுதவும் இல்லை.

ஒருநாள் அவளுடைய ஆசிரியையே பஸ் ஏறி எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்கு வந்துவிட்டார்.

"நாளைக்குத்தான் கடைசி நாள், ஐயா. 'நான் படிக்கறது அப்பாவுக்குப் பிடிக்கலை போலிருக்கு'ன்னு கமலம் அழறா" என்றார்.

சாமி படத்தடியிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துவந்தேன்.

"ஆடின்னு சோறு திங்காமயா இருக்கறீங்க? போடுங்க கையெழுத்தை!" என்றாள் என் மனைவி.

உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது. ஆனால் கமலம் அழுதது மட்டும் இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் மகளிடமிருந்து எது வந்தாலும், தபால்காரரை நிறுத்திவைத்தே பதில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.