திரும்பி வர ஒரு டிக்கெட்

கண்ணுசாமிக்கு முழு எண்களைக் கண்டாலே ஆகாது. ஐநூறு, ஆயிரம் என்று வட்டமாக எழுதிக் கொண்டுவந்து நீட்டுகிற டிரைவர் பொய் சொல்கிறான் என்பது அவருடைய தீர்மானம். நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸில் ட்ரிப் கணக்குப் பார்ப்பது அவர் வேலை. வண்டி போய்த் திரும்பியதும் டிரைவர் செலவுத் தாளோடு அவர் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். "பஞ்சர் ஐநூறு" என்று இருந்தால் சிவப்புப் பேனா அதைச் சுற்றி ஒரு வட்டம் போடும். "பஞ்சர் நானூத்தி முப்பது" என்று இருந்தால் பிழைத்தான். நிஜமான செலவு வாலும் கொம்புமாகத்தான் வரும் என்பார். பில் இல்லாத செலவு அவருக்குச் செலவே இல்லை. தேதி இல்லாத பில் பில்லே இல்லை. சந்தேகம் தீராத பில்லைத் திருப்பித் தரவும் மாட்டார், அதற்குப் பணம் தரவும் மாட்டார். "வெச்சுட்டுப் போ, பாப்போம்" என்பார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பேர் சல்லடை.

அறுபத்து மூன்று வயதாகியும் ஆபீஸ் பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் கிடந்தது. தான் ஒரு நாள் போகாவிட்டால் முதலாளி ஆனந்தகுமாரை டிரைவர்கள் மொட்டையடித்து விடுவார்கள் என்று மனசார நம்பினார்.

இந்த மனுசனோடு முப்பத்தாறு வருசம் குடித்தனம் நடத்திய புண்ணியவதி அமுதவல்லி. எருமப்பட்டிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை பார்த்து இந்த வருசம்தான் ஓய்வு பெற்றாள். ஓய்வுக் காசு கைக்கு வந்த மறு வாரம், காலையில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஒரு மாசம் கடலோரமாப் போயி இருந்துட்டு வரலாமுங்களா? நாகூருக்குப் பக்கத்துல ஒரு ஊடு வாடகைக்கு இருக்குதாம்."

"ஒரு மாசமா? அங்க என்ன சோலி நமக்கு?"

"சோலி ஒண்ணுமில்லீங்க. சும்மா இருக்கறதுக்குத்தான்."

சும்மா இருப்பதற்கு ஒருத்தி காசு செலவு பண்ணுவாளா? கண்ணுசாமிக்கு அங்கேயே பொறி தட்டியது. கோயிலுக்கு என்று சொன்னால் நம்பலாம், வைத்தியத்துக்கு என்றாலும் நம்பலாம். இருந்தாலும் வாய்விட்டு மறுக்கவில்லை. "செலவு என்ன ஆகும்னு எழுதிக் குடு, பாப்போம்" என்றார். எழுத வராது, விட்டுவிடுவாள் என்று நினைப்பு.

பத்தாம் நாள் ஒரு கோடு போட்ட நோட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. முப்பது நாளுக்கும் நாள்வாரியாகக் கணக்கு. வீட்டு வாடகை பதினோராயிரத்து இருநூற்று ஐம்பது. போக பஸ், இரண்டு பேருக்கு, ஐநூற்று இருபது. மீன், பால், அரிசி, கேஸ், கொசுவத்தி வரைக்கும் இருந்தது. ஓர் இடத்தில்கூட முழு எண் இல்லை. அந்த ஊர் மீன் விலை எருமப்பட்டி ரோட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டதற்கு, "ஊட்டுக்காரம்மாவுக்கு டெய்லி போன் போட்டுக் கேட்டனுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாவாட்டப் போனாள்.

கண்ணுசாமி நோட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். டிரைவர் போகும்போது யோக்கியனாக எழுதுவான், திரும்பும்போதுதான் கை நீளும், அதனால் கணக்கை எப்போதும் பின்னாலிருந்துதான் பார்க்க வேண்டும். கடைசி வரி: திரும்பி வர பஸ், இருநூற்று அறுபது.

சிவப்புப் பேனா நின்றது. போக ஐநூற்று இருபது, வர இருநூற்று அறுபதா? மறந்திருப்பாள் என்று நினைத்தார். ஆனால் முன்பக்கங்களைப் புரட்டினால் அங்கேயும் இப்படித்தான். முதல் பத்து நாள் மீனுக்கு நாளைக்கு இருநூற்றுப் பத்து. பதினோராம் நாளிலிருந்து நூற்றைந்து. பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகக் குறைந்திருந்தது. அரிசியும் பாதி. பத்தாம் நாளுக்குப் பிறகு அந்தக் கணக்கில் ஓர் ஆள் இல்லை.

யார் அந்த ஆள்? நோயை மறைக்கிறாளோ? மத்தியானமே வீட்டுக்கு வந்து, அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து மருந்து டப்பாவைக் கொட்டிப் பார்த்தார். பிரஷர் மாத்திரை, தைலம், பாதி காய்ந்த களிம்பு. வேறொன்றும் இல்லை. பிறகு நோட்டின் பின்னட்டையில் இருந்த வீட்டுக்காரம்மா நம்பருக்குப் போன் போட்டார்.

"நாமக்கல்லேர்ந்து பேசறனுங்க. அமுதவல்லின்னு ஒரு அம்மா ஊடு பேசியிருக்காங்களே, எத்தன பேருன்னு சொன்னாங்க?"

"ரெண்டு பேருதான் சார். ஆனா பத்து நாள்தான் ஐயா இருப்பாராம். அப்பறம் அம்மா மட்டும்னு சொன்னாங்க. தனியா இருந்துக்குவீங்களான்னு கேட்டேன். பழக்கந்தான்னாங்க. நீங்க யாரு சார்?"

கண்ணுசாமி போனை வைத்துவிட்டார். ஆக, இல்லாமல் போகிற ஆள் அவர்தான்.

அதன் பிறகு அவர் புத்தி போன போக்கு இருக்கிறதே, அதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. போன மாதம் அமுதவல்லி, கூட வேலை பார்த்த ராசம்மாளோடு ஜோசியரிடம் போய்வந்தது ஞாபகம் வந்தது. "நல்லாத்தான் சொன்னாரு" என்றாளே தவிர என்ன சொன்னார் என்று சொல்லவில்லை. தனக்குக் கண்டம் என்று சொல்லியிருப்பானோ? பீரோவைத் திறந்து தன் பேரில் இருந்த இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். நாமினி: அமுதவல்லி. அதுவும் சரியாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டாலும், புருசன் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தால் மீதி இருபது நாளும் அங்கேயே மீன் தின்றுகொண்டு இருப்பாளா? பதினாறாம் நாள் காரியத்தை யார் செய்வது? அதற்கு நோட்டில் ஒரு காசுகூட ஒதுக்கவில்லையே என்று ஒரு நிமிசம் கோபம்கூட வந்தது.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் காப்பி கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து, சிவப்புப் பேனாவால் இருநூற்று அறுபதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"அமுதா, இங்க வா. இது என்ன?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பதறவில்லை.

"திரும்பி வாரதுக்கு பஸ்ஸுங்க. எனக்கு."

"அப்ப நான்?"

"நீங்க பத்து நாளைக்குள்ள வந்துருவீங்கல்லங்க."

"அதுக்கும் டிக்கெட் வேணுமில்ல? நீ எழுதவே இல்லையே!"

"நீங்க என்னிக்கிங்க பஸ்ஸுல வந்தீங்க? வேதாரண்யத்துல உப்பு லோடு ஏத்திட்டு ஆபீஸ் வண்டி வரும். போன் வந்ததும் அதுல ஏறிக்குவீங்க. நம்ம புள்ள தீபிகா பிரசவத்துக்கு ஓசூர் போனப்ப அப்படித்தான மூணா நாளே வந்தீங்க? எங்கம்மா காரியத்தன்னிக்கி பந்தில உக்காந்த ஆளு, எலைய மூடாம எந்திரிச்சுப் போயி வண்டி ஏறலீங்களா?"

அவள் குரல் உயரவே இல்லை, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"கல்யாணமான புதுசுல கன்னியாகுமரிக்கு மூணு நாளுன்னு கூட்டிட்டுப் போனீங்க. கடல்ல காலு வைக்கறதுக்குள்ள லாட்ஜுக்கு டிரங்கால் வந்துருச்சு. அன்னிக்கிச் சாயங்காலமே பஸ் ஏறிட்டோம். இந்தத் தடவ நீங்க போனாலும் நான் இருந்து பாத்துட்டுத்தான் வாரதுன்னு முடிவு பண்ணிட்டனுங்க. அதான் அப்படி எழுதினேன்."

"என்னைய நம்பலையா நீ?"

"நீங்க யாரைங்க நம்பியிருக்கீங்க?"

"இந்தத் தடவ முப்பது நாளும் இருப்பேன்."

அமுதவல்லி அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "பில் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

மனுசனுக்குச் சுருக்கென்றது. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, காலையில் நேராக ஆனந்தகுமார் முன்னால் போய் நின்று இடுப்பிலிருந்து பீரோச் சாவியைக் கழற்றி வைத்தார். ஒரு மாசம் வரமாட்டேன், சாவியை வாங்கிக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார். ஆனந்தகுமார் கேள்வியே கேட்காமல் எழுதினான். அவ்வளவு சீக்கிரம் எழுதியதே கண்ணுசாமிக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏனப்பா, கணக்கு யாரு பாப்பாங்க?"

"அண்ணா, டோலு, டீசலு எல்லாம் இப்பப் போன்லயே வந்துருதுங்கண்ணா. ரெண்டு வருசமாச்சு. நீங்க வாரீங்கன்னுதான் டிரைவருங்களத் தாள்லயும் எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கறேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

ரெண்டு வருசம்! அத்தனை சிவப்பு வட்டமும் யாருக்காகப் போட்டோம் என்று நினைத்தபோது கண்ணுசாமிக்கு அவமானமாக இருந்தது. வழியில் டீக்கடையில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக் குடித்துவிட்டு வீடு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சாவிச் சீட்டை மட்டும் அமுதவல்லியிடம் நீட்டினார்.

அவள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "தேதி போடலீங்களே?"

"அட ஆமா. போயி எழுதி வாங்கிட்டு வாரேன்."

"வேண்டாமுங்க. வெச்சுட்டுப் போங்க, பாப்போம்."

நோட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அந்தக் கணக்கோடுதான் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள்.

கடலோரத்தில் கண்ணுசாமி பட்ட பாடு கொஞ்சமில்லை. வீட்டுக்காரம்மா கரண்டு மீட்டரைத் திருத்துகிறாளோ என்று காலையும் மாலையும் மீட்டர் படித்தார். மீன்காரி தராசுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறாளா என்று குனிந்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். அமுதவல்லி அதிகாலையில் எழுந்து போய், சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பாள். ஒரு மணி நேரம் நிற்பாள், ஒன்றும் பண்ணமாட்டாள். முதல் நாள் அவர் கரையில் நின்று, இவள் யாருக்காவது காத்திருக்கிறாளோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார். நாலாம் நாள் அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

எட்டாம் நாள் போன் வந்தது. உப்பு வண்டி டிரைவர் வேல்முருகன். "அண்ணா, லோடு ஏத்திட்டேன். நாளைக்கி நாகப்பட்டினம் வழியாத்தான் வாரேன். வழக்கமா வருவீங்களே, ஏறிக்கறீங்களா?"

அடுப்படியில் அமுதவல்லி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணுசாமிக்குக் கால் பரபரத்தது, பொய் சொல்வானேன். போனால் மேசை இருக்கும், அதற்கு முன்னால் யாராவது ஒருத்தன் வந்து நிற்பான். ஆனால் அவன் எதற்காக நிற்பான் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

"நீ போப்பா. பாத்துப் போ" என்று சொல்லி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டிச் சத்தம் கேட்டது.

பதினோராம் நாள் காலையில் அமுதவல்லி மீன் வாங்கப் போகவில்லை.

"உங்க கணக்கு நேத்தோட முடிஞ்சுதுங்க. இன்னிக்கி நூத்தியஞ்சுதான் இருக்குது. ரெண்டு பேரு திங்கணும்னா நீங்க வாங்கிட்டு வாங்க. நோட்டுல எழுதிக்கறேன்."

கண்ணுசாமி பையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். பேரம் பேசி ஒரு பை சங்கரா மீன் வாங்கினார். பில் கேட்டதற்கு மீன்காரி, "பில்லா? வேணும்னா மீன் செதிள்ல எழுதித் தரட்டுமா சாமி?" என்று சிரித்தாள். வீட்டுப் படியேறும்போதுதான் அவருக்கு உறைத்தது. கையில் பில் இல்லை. சாட்சி இல்லை. செலவு இருநூறு, வட்டமான இருநூறு. இப்படிக் கணக்கோடு வந்த ஒரு டிரைவரையும் அவர் விட்டதில்லை.

அமுதவல்லி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவுங்க?"

"இருநூறு."

"முழுசாங்களா?"

"முழுசுதான். சத்தியமா." பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "பில்லு குடுக்கலீங்... குடுக்கல அமுதா." தன் மேசைக்கு முன்னால் டிரைவர்கள் நிற்கிற மாதிரியே, பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் டிரைவர்களைப் பார்ப்பாரே, அத்தனை நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து 'மீன் 200' என்று எழுதினாள். எழுதிவிட்டு நோட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, சிவப்பு வட்டத்துக்குள் இருந்த இருநூற்று அறுபதை அடித்து, பக்கத்தில் ஐநூற்று இருபது என்று போட்டாள்.

கண்ணுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் சுவர்ப் பக்கம் திரும்பி மீட்டரைப் பார்த்தார்.

"நிக்காதீங்க, மீன ஆயலாம் வாங்க" என்று அரிவாள்மனையை எடுத்துப் போட்டாள் அமுதவல்லி.