இருபத்தொரு நாள்

பாரம் ஏற்றிய லாரி எடை மேடைமீது ஏறி நின்றதும் சிவப்பு எண்கள் உடனே நிற்காது. இருபது கிலோ மேலே, நாற்பது கிலோ கீழே என்று கொஞ்ச நேரம் ஆடும். அவசரக்காரர்கள் ஆடும்போதே பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, எண் அசையாமல் நிற்கும்வரை கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். வெளியே ஹாரன் அடிப்பார்கள். அதற்கும் அசையமாட்டார். இதற்காகவே ஓட்டுநர்கள் அவருக்குக் கிலோ என்று பேர் வைத்தார்கள். கேலிப் பேர்தான். பதினாறு வருஷத்தில் அதுவே பேராகிவிட்டது.

வேலை சுலபம். வண்டி பாரத்தோடு உள்ளே வரும்போது ஓர் எடை. கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் சரக்கின் எடை. நாள் முழுவதும் கழித்தல்தான். வீட்டிலும் அவர் செய்துகொண்டிருந்தது அதுதான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. சிகிச்சைக்கென்று ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கினார்கள். மாதம் பதினோராயிரத்து ஐந்நூறு வீதம் முப்பத்தாறு தவணை. முதல் முறை தங்கவில்லை. இரண்டாம் முறையும் தங்கவில்லை. மூன்றாம் முறை தங்கியது. வராமல் போன இரண்டுக்கும் வரப்போகும் ஒன்றுக்கும் வட்டி ஒன்றே. ஒவ்வொரு மாதமும் நாலாம் தேதி காலை ஒரு பெண் போன் செய்வாள். குரல் மிக மரியாதையாக இருக்கும்.

“சார், சும்மா ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன்.”

“ஞாபகம் இருக்கும்மா.”

“தெரியும் சார். இருந்தாலும் கூப்பிடணும்.”

ஒருமுறை அவளிடமே கேட்டுப் பார்த்தார். ரெண்டு மாசம் தள்ளிப்போட முடியுமா? “தாராளமா தள்ளிப்போடலாம் சார். கடைசியில மூணு தவணையா சேர்ந்துக்கும்” என்றாள் அவள், ஏதோ சலுகை சொல்வதுபோல.

மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று எடை மேடையில் தெரிந்த அன்று மணல் லாரி ஓட்டுநர் ஒருவர் கூண்டின் கண்ணாடியைத் தட்டினார்.

“கிலோ அண்ணே, கேள்விப்பட்டேன். எத்தனை கிலோ லோடு?”

“வண்டி இன்னும் உள்ளதான்யா நிக்குது. காலியாகி வெளிய வரட்டும், அப்பதான் சொல்ல முடியும்.”

ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். கிலோவும் சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கூண்டில் யாரும் அதிகம் பார்த்ததில்லை.

மனைவி வேலை செய்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பைச் சூடான உருளைக்குள் இரண்டு பேர் விட வேண்டும். மறுபக்கம் வந்து விழுவதை எடுத்து மடித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, தன் டோக்கன் எண்ணைக் கட்டில் செருக வேண்டும். கட்டுக்குத்தான் கூலி. அவளுடைய எண் நாற்பத்தொன்று. மாதம் பதினாலாயிரம் வரும். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை.

பிரசவ விடுப்பு பதினாலு வாரம். விடுப்பில் இருக்கும்போது, அதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு தருவார்கள். கூடத்தின் அறிவிப்புப் பலகையில் இருந்த இந்த விதியை அவள் போனில் படம் எடுத்து வந்தாள். கிலோ அதைப் பெரிதாக்கி மூன்று தரம் படித்தார். பிறகு எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பதினாலாயிரத்தில் மூன்றில் இரண்டு என்றால் ஒன்பதாயிரத்துச் சொச்சம். தவணைக்குப் போதாது. அவருடைய பதினெட்டாயிரத்தில் வாடகை ஏழு போய்விடும். மீதியில்தான் சாப்பாடு, பஸ், மருந்து, எல்லாம்.

“தினமும் ரெண்டு மணி நேரம் கூடுதலா நின்னா மாசம் என்ன வரும்?”

“பத்தொன்பது வரும். ஏன்?”

“பத்தொன்பதுல மூணுல ரெண்டு, பன்னெண்டாயிரத்து அறுநூறு. தவணையைத் தாண்டிடுது.”

சீட்டை அவள் பக்கம் திருப்பினார். அவள் கணக்கைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகம் ஏதோ ஒன்றை முந்திக்கொண்டுவிட்டதுபோல இருந்தது.

“சரி, நிக்கிறேன்” என்றாள்.

எப்போது விடுப்பு எடுக்க நேர்ந்தாலும் அதற்கு முந்தைய மூன்று மாதச் சம்பளமும் கனமாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் நாலாம் மாதம் முடியும்போதே அவள் கூடுதல் நேரத்தில் சேர்ந்துவிட்டாள். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னால் விடுப்பைத் தொடங்குவது, பிறந்த பின் பதினோரு வாரம் குழந்தையோடு இருப்பது என்று திட்டம். அதற்குப் பிறகு என்ன என்பதை இருவரும் பேசவில்லை. பதினோரு வாரம் அவ்வளவு நீளமாகத் தெரிந்தது.

திட்டத்தில் தவறு ஒன்றும் இல்லை. தவறு இல்லாத கணக்குகளே ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவழியில் விடுகின்றன. தவறான கணக்காக இருந்தால் தொடக்கத்திலேயே யாராவது பிடித்திருப்பார்கள்.

இருபத்தொன்பதாவது வாரம் டாக்டரம்மா அவள் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்ப நேரமாயிற்று. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. குழந்தை வாரத்துக்கேற்ற எடையில் இல்லை.

“என்ன வேலை செய்யறீங்க?”

சொன்னாள்.

“எத்தனை மணி நேரம்?”

“பத்து.”

“பத்தா? இந்த நிலைமையிலயா? யார் சொன்னது?”

 பக்கத்து நாற்காலியில் இருந்த கிலோ சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த எடைச்சீட்டு இன்னும் அதற்குள் இருந்தது.

“நாளையிலிருந்து நிக்கக் கூடாது. படுத்துத்தான் இருக்கணும். பயமுறுத்தலை, ஆனா விளையாட்டும் இல்ல.”

மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவர் சலவைக் கூடத்துக்குப் போனார். சூப்பர்வைசர் அம்மாவின் அறையிலும் ஈரத் துணியின் வெப்பம் இருந்தது. அந்த அம்மா கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், டாக்டர் சீட்டை முழுசாகப் படித்தார்.

“எட்டு வாரம் சம்பளமில்லாம ஓய்வு எடுக்கட்டும் மேடம். அப்புறம் பிரசவ லீவு தொடங்கினா போதும்.”

“எடுக்கலாம் சார். ஆனா வராத நாளும் நாள்தான். சராசரி போடும்போது பூஜ்யமா விழும். ரெண்டு மாசம் பூஜ்யம் விழுந்தா என்ன மிஞ்சும்னு உங்களுக்கே தெரியும்.”

தெரிந்தது. அந்த அம்மா பேசி முடிக்கும் முன்பே கிலோ வகுத்துவிட்டார்.

“வேற வழியே இல்லையா?”

“திங்கட்கிழமையிலிருந்தே பிரசவ லீவு எடுத்துக்கட்டும். இப்ப அவங்க சராசரி பிரமாதமா இருக்கு. இங்க யாருக்கும் இவ்வளவு இல்ல.”

“குழந்தை பிறக்க இன்னும் பதினோரு வாரம் இருக்கு மேடம்.”

“ஆமா.”

“லீவு மொத்தமே பதினாலு வாரம்.”

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “விதி நான் போட்டதில்ல சார். நான் ரெண்டு பெத்தவ” என்றார். 

பதினாலில் பதினொன்று போக மூன்று. மூன்று வாரம் என்றால் இருபத்தொரு நாள். கிலோ படிவத்தை அங்கேயே நிரப்பினார். விடுப்பு தொடங்கும் தேதி என்ற கட்டத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

தவணை தப்பவில்லை. அது உண்மை. ஆனால் அதைச் சாதனை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, “முடிஞ்சுது, திங்கட்கிழமையிலிருந்து நீ படு” என்றார். அவள் விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரே ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அவர் வேலைக்குப் போகும்முன் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு எல்லாவற்றையும் எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார். படுத்துக் கிடந்து பழகாத உடம்பு அவளுடையது. படுத்துக்கொண்டே அறையில் இருக்கும் எல்லாவற்றையும் மடித்தாள். துண்டு, சட்டை, பழைய செய்தித்தாள். மடிக்க ஒன்றுமில்லாதபோது மடித்ததைப் பிரித்தாள்.

விரிப்பின் மறுமுனையைப் பிடித்து நின்று அவளோடு விரிப்பு விடும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் பெரிய கட்டு. கூடத்தில் கழித்துக் கட்டிய ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கேட்டு வாங்கி, சின்னச் சின்னத் துணியாக வெட்டி ஓரம் தைத்துக் கொண்டுவந்திருந்தாள். நூற்றுக்கணக்கான தடவை துவைத்ததில் அவை மெத்தென்று ஆகியிருந்தன. சில துண்டுகளில் நீல முத்திரை பாதி தெரிந்தது.

“கடையில இந்த மெது கிடைக்குமாடி? உன் கையாலயே எத்தனை தரம் உருளையில விட்டிருப்பே, பாரு.”

“இத்தனை எதுக்குக்கா? இருபத்தொரு நாள்தானே நான் மாத்தப் போறேன்.”

அக்கா துணிகளை மறுபடி அடுக்கினாள். பிறகு சமையல் மூலையில் நின்றிருந்த கிலோவைப் பார்த்து, “தம்பி, டீ போடறீங்களா, இல்ல டீத்தூளை எடை போடறீங்களா?” என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

“என் ரெண்டாவதுக்கு நான் இருபத்தஞ்சாவது நாள் வந்து நின்னேன். மணி பதினொண்ணு ஆனா போதும், பால் கட்டிக்கும். முன்பக்கமெல்லாம் நனைஞ்சிரும். யாராவது பார்த்தா நீராவின்னு சொல்லிக்குவேன்.”

“யாராவது கேட்டாங்களா?”

“எல்லாரும் பெத்தவளுங்கதானே. யாரு கேப்பா?”

அக்கா போன பிறகு குழந்தையை யாரிடம் விடுவது என்று முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினார்கள். அவளுடைய அம்மா இல்லை. அவருடைய அம்மாவுக்குக் கண் தெரியாது, இருப்பதும் தொலைவில். எடை மேடைக் கூண்டில் ஒரு தொட்டில் கட்டலாமா என்று அவர் கேட்டார். ஒவ்வொரு லாரி ஏறும்போதும் கூண்டு அதிரும், மணல் தூசி மேஜைமேல் விரலால் எழுதும் அளவுக்குப் படியும் என்பது அவருக்கே தெரியும்.  

முப்பத்துமூன்றாவது வாரம் டாக்டரம்மா கொஞ்சம் முகம் மலர்ந்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. “வளருது. இன்னும் சின்னதுதான். உள்ள இருக்கற ஒவ்வொரு நாளும் அதுக்கு லாபம். நாள் தாண்டினாலும் கவலைப்படாதீங்க, ஒரு வாரம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்.”

நல்ல செய்தி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் தலையாட்டினார். தலை ஆடிக்கொண்டிருக்கும்போதே மனம் தன் பழக்கப்படி கழித்துவிட்டது. ஒரு வாரம் தாண்டினால் இருபத்தொன்று பதினாலாகும். பத்து நாள் முன்னால் வந்தால் முப்பத்தொன்றாகும்.

அந்த இரண்டாவது எண் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் உடம்பு கூசியது. ஏழு வருஷம் காத்திருந்து, கடன் வாங்கி வரவழைத்த ஒன்று, சின்னதாக, நிரம்பாமல் உள்ளே கிடக்கிறது. அது சீக்கிரம் வெளியே வர வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைக்கிறான். அந்த நினைப்பு அவராகத் தேடி நினைத்ததில்லை. எண்களை வரிசையாக வைத்தால் அது தானாக வந்து நின்றது. அதனால் அதை விரட்டவும் தெரியவில்லை.

தினமும் குழந்தை அசைவதை எண்ணச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சாப்பிட்ட பின் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். வராவிட்டால் உடனே கிளம்பி வர வேண்டும். மற்ற நாட்களில் அவளே எண்ணிக் குறித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை அவர் வாங்கிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடுகளாகப் போட்டிருந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றில் உள்ளங்கையை வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று சீக்கிரமே வந்தன. ஐந்துக்குப் பிறகு இடைவெளி விழுந்தது. ஆறு, ஏழு. அப்புறம் ஒன்றும் இல்லை. எண் நிற்கும்வரை காத்திருக்கத் தெரிந்த மனிதர். இங்கே நின்றுவிடக் கூடாதே என்று காத்திருந்தார்.

“ஏங்க.”

“உம்.”

“உள்ளயே இருக்கட்டும்னு நினைக்கிறீங்களா, வந்துடட்டும்னு நினைக்கிறீங்களா?”

அவர் கை அசையவில்லை. அவள் அவரைப் பார்க்காமல், மடித்து அடுக்கிய துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோபமில்ல. கேக்கறேன். எனக்கும் ரெண்டும் தோணுது. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு.”

தெருவில் ஒரு லாரி போயிற்று. பாரம் ஏற்றியதா, காலியா என்று சத்தத்தை வைத்தே அவரால் சொல்ல முடியும். இன்று காதில் ஏறவில்லை.  எதைச் சொன்னாலும் குழந்தைக்கு ஒரு பக்கம் குறையும். உள்ளங்கைக்குக் கீழே தோல் இறுகித் தளர்ந்தது. பிறகு, நடுவிரலின் அடியில், சின்னதாக ஒரு முட்டல்.

“எட்டு” என்றார்.