லேமினேஷன் போட்ட பில்

பில் அடிக்கும் மெஷின் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. கோயம்புத்தூரில் நானும் என் வீட்டுக்காரரும் கிரைண்டர் கடை வைத்திருக்கிறோம். முன்பெல்லாம் பில் புத்தகத்தில் கார்பன் வைத்து நான்தான் எழுதுவேன். தேதி, வாங்கியவர் பெயர், கிரைண்டரின் நம்பர் எல்லாம் எழுதி, கீழே கடை முத்திரை குத்திக் கொடுப்பேன். வீட்டுக்காரருக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகத் தெரிந்தது. பக்கத்துச் செல்போன் கடையில்கூட மெஷின் பில்தான் என்று தினமும் ஒரு பாட்டு.

பிரிண்டர் விற்க வந்தவருக்கு வாய் ஓயவே இல்லை. "இங்க் வேண்டாம், ரிப்பன் வேண்டாம், சத்தமே வராதுங்க மேடம்" என்றார். இங்க் இல்லாமல் எழுத்து எங்கிருந்து வரும் என்று கேட்டேன். காகிதத்திலேயே ஒரு மருந்து தடவியிருக்குமாம். மெஷின் தலை சூடாகி, சூடு பட்ட இடம் மட்டும் கறுக்குமாம். அதுதான் எழுத்து.

"அப்போ வெளிய எங்காச்சும் சூடு பட்டா?"

"ஒண்ணும் ஆகாதுங்க மேடம்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வந்த மனிதரிடம் மானத்தை வாங்குகிறாயே என்பதைப் போல. அதிலும் சிக்கனம் பார்த்து, அகலம் குறைந்த காகிதம் போடும் மெஷினை எடுத்தார். நாடா மாதிரி இருந்த அந்தக் காகிதத்தில் கிரைண்டர் நம்பருக்கு இடம் பத்தவில்லை என்று அதை நீக்கிவிட்டார்கள். வாங்குகிறவர் பெயருக்குப் பதிலாக எல்லாருக்கும் 'கேஷ்' என்று ஒரே பெயர். எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சிங்காநல்லூர் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா எங்களிடம் பெரிய கிரைண்டர் வாங்கியிருந்தார். மாவு வியாபாரம்தான் அவர் குடும்பத்துக்குச் சோறு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து போகிறவர்கள் அவர் வாசலில் பாத்திரத்தோடு நிற்பார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்தார். ஊறிய அரிசி அப்படியே கிடக்கிறது, மோட்டார் புகைந்துவிட்டது.

"வாரண்டி இருக்குதுங்களே அம்மணி. பில்லு பத்தரமா வெச்சிருக்கறனுங்க."

மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் கன்னங்கரேலென்று ஒரு துண்டு. ஓர் எழுத்து இல்லை.

"என்னக்கா இது?"

"பில்லுங்க. தொலஞ்சு போயிருமுன்னு அன்னைக்கே லேமினேசன் போட்டுப்போட்டனுங்க. உள்ள உடறப்ப வெள்ளையாத்தான் இருந்துச்சு. வெளிய வரையில இப்படி வந்துச்சுங்க. அது அப்படித்தானாக்குமுன்னு நெனச்சுட்டேன்."

எங்கள் ஊரில் லேமினேஷன் போடாத காகிதம் ஏது? ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டு, எல்லாம் அந்த அக்கா வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும். முக்கியமான காகிதத்தை வேறு எப்படித்தான் காப்பாற்றுவது? லேமினேஷன் மெஷினோ சூட்டிலேயே ஒட்டுகிற மெஷின். காகிதம் முழுக்கக் கறுத்துவிட்டது.

கம்ப்யூட்டரில் தேடினேன். வரிசையாக கேஷ், கேஷ், கேஷ். வாங்கிய தேதி அக்காவுக்கு நினைவில்லை. இந்தக் கிரைண்டருக்கு எந்த பில் என்று நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்? கம்பெனிக்கு போன் போட்டால், தேதியும் நம்பரும் தெரிகிற பில் இல்லாமல் மோட்டார் தர முடியாது என்று கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொன்னார்கள். பிரிண்டர் விற்றவரையும் விடவில்லை.

"ஐயோ மேடம், அதை லேமினேட் பண்ணலாமுங்களா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. எல்லாருக்கும் தெரியுமாம்! விற்கும்போது மட்டும் அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன். அக்கா நடுவில் புகுந்து, "உடுங்க அம்மணி, எம்மேலதான் தப்பு. நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவே இல்லை. பொத்திப் பொத்தி வைத்தவர் தப்பு செய்தவராம், பேந்தப் பேந்த விழிக்கிற நாங்கள் யோக்கியர்களாம்.

காட்சிக்கு வைத்திருந்த கிரைண்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். வீட்டுக்காரர் முணுமுணுத்தபடியே கழற்றி, கூடப் போய் மாட்டிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மாவு தப்பித்தது.

அடுத்த வாரமே பிரிண்டர் தேடக் கிளம்பினேன். இந்த முறை நான்தான். ஒவ்வொரு கடையிலும் ஒரு பில் அடித்து வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுப் பார்த்தேன். பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். கடைசியில் ரிப்பனை ஊசிகள் குத்திக் குத்தி எழுதுகிற பழைய மாடல்தான் தேறியது. அகலக் காகிதம், அடியில் கார்பன் நகல், பெயருக்கும் நம்பருக்கும் தாராளமாக இடம். சத்தம் மட்டும் காதைப் பிளக்கும்.

மோட்டாருக்கு பில் வாங்கிக்கொள்ள அக்காவை வரச் சொன்னேன். கர் கர்ரென்று மெஷின் அடித்ததைக் கிழித்துப் பெருமையாக நீட்டினேன். லேமினேஷன் போட்டாலும் கறுக்காது என்று இரண்டு முறை சொன்னேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளினார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. இது இருக்கட்டுமுங்க. உங்க கையில ஒண்ணு எழுதிக் குடுத்துருங்க."

புது மெஷின் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து பழைய பில் புத்தகத்தைத் தேடினேன்.