வேப்பிலை கட்டிய படலைகள்

சரவணையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் பதினான்கு வீடுகள். படிப்பிக்கும் பாடசாலைக்குச் சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் நான் வீட்டு வாசல் படலைகளைப் பார்த்து எண்ணிக்கொண்டே போவேன். எண்ணியது படலைகளை அல்ல, அவற்றில் செருகியிருக்கும் வேப்பிலைக் கொத்துகளை. பிள்ளையின் உடம்பில் கொப்புளமோ தடிப்போ எது போட்டாலும் அம்மாள் வந்துவிட்டா என்று படலையில் வேப்பிலை கட்டிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டுக்குள் ஒருவரும் போவதில்லை. உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதும் இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நோயாளியைப் பார்க்கப் போகாதபடியால், வந்தது தட்டம்மையான சின்னமுத்தா, நீர்க்கொப்புளம் போடுகிற கொப்பளிப்பானா என்று ஒழுங்கைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் ஒருவரும் நினைப்பதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனியில் முதல் வேப்பிலை என் வீட்டுப் படலையிலேயே ஏறியது.

அது சாதாரண வீடாக இருந்திருந்தால் பரவாயில்லை. சின்னமுத்து ஊசி வந்த புதிதில் எங்கள் ஒழுங்கையில் அதைப் போட்ட முதல் பிள்ளை என் மகன்தான். ஊசி போட்ட அன்றே ஒழுங்கை முழுவதும் சொல்லியிருந்தேன். இப்போது நாலு வயதில் அவன் உடம்பு முழுக்கப் போட்டிருந்தது.

முதல்நாள் சின்னமுத்துத்தானோ என்று நானும் கலங்கிப்போனேன். மறுநாள் கொப்புளங்களில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மனைவி பார்த்துவிட்டு, "இது கொப்பளிப்பான். உங்களுக்கும் எனக்கும் சின்னனிலை வந்ததுதான். போய்ப் படுங்கோ" என்றாள். நான் படுக்கவில்லை. வயிற்றில் உள்ளவற்றை எண்ணத் தொடங்கினேன். ஐம்பதைத் தாண்டியதும் அவன் கூச்சத்தில் நெளிந்துவிட்டான். திரும்பவும் ஒன்றிலிருந்து.

"அப்பா, முதுகிலை கூடவோ, வயித்திலை கூடவோ?" என்று கேட்டான். அவனுக்கு அது ஒரு போட்டி.

சின்னமுத்து ஊசி சின்னமுத்துக்கு மட்டுந்தான். அது கொப்பளிப்பானையோ கன்னம் வீங்கும் கூவைக்கட்டையோ தடுக்காது. ஒவ்வொரு கிருமியையும் உடம்பு தனித்தனியாகத்தான் அறிந்துகொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் படலையில் தொங்கிய வேப்பிலைக்குத் தெரியாதே.

இரண்டு நாளில் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த பனையோலை வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு உண்டு. சீனி, நெருப்புப்பெட்டி எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வரும். வேப்பிலை கட்டியதும் அதை ஓலை வைத்து அடைத்துவிட்டோம்.

"மாஸ்ரர், உங்கடை பெடிக்கு ஊசி போட்டனீங்கள்தானே?"

"ஓம், போட்டனான்."

"பிறகும் வந்திட்டுதே! அப்ப நான் ஏன் என்ரை பிள்ளையைக் கொண்டுபோய்க் குத்துவிச்சு அழ வைக்கவேணும்? வாற வியாழக்கிழமை நான் போகமாட்டன்."

அவளுடைய கைக்குழந்தைக்கு அப்போதுதான் ஒன்பது மாதம் முடிந்திருந்தது. ஊசி போடுகிறவர்கள் மாதத்தில் ஒரு வியாழன்தான் வாசிகசாலைக்கு வருவார்கள். பக்கத்து ஊரான மண்கும்பானில் உண்மையான சின்னமுத்து தொடங்கிவிட்டது என்று போன கிழமையே பாடசாலையில் சொன்னார்கள். இந்த வியாழனை விட்டால் அடுத்த மாதத்து வியாழனுக்குள் அது எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிடும். அவளுடைய மூத்தவனுக்கு இரண்டு வயதில் சின்னமுத்து வந்து, ஒரு காதில் சீழ் வடியத் தொடங்கி, எட்டு வயதிலும் அந்தப் பக்கமாகக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். இந்தக் கைக்குழந்தையும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இது சின்னமுத்து இல்லைப் பிள்ளை. கொப்பளிப்பான்."

"எல்லாம் அம்மாள்தானே மாஸ்ரர்."

"உம்மடை மூத்தவனுக்கு வந்தது எப்பிடி இருந்தது?"

"முதலிலை இருமல், கண் சிவந்து பீளை சாறினது. பிறகு காதடியிலை துவங்கி முகமெல்லாம் வேர்க்குரு மாதிரிச் செக்கச்செவேலெண்டு."

"தண்ணி கோத்ததோ?"

"இல்லை" என்றாள்.

"அப்ப வந்து ஒருக்கால் பாரும்."

"ஐயோ, அம்மாள் வந்த பிள்ளையைப் பாக்கேலாது!"

"பொட்டுக்குள்ளாலை பாரும். கிட்ட வரவேண்டாம்."

அவளுக்குச் சின்ன வயதிலேயே கொப்பளிப்பான் வந்து போனதா என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். குழந்தையை வீட்டுக்குள் விட்டுவிட்டு வரச் சொன்னேன். முற்றத்தின் மறுகோடியில் கதிரையைப் போட்டு மகனை அதில் ஏற்றினேன். பொட்டில் இருந்த ஓலையை ஒரு சாண் விலக்கினேன். அந்தப் பக்கம் ஒரு கண் தெரிந்தது.

மகன் மேற்சட்டையைத் தூக்கிக்கொண்டு தேர் வலம் வருவதுபோல மெதுவாகச் சுற்றினான். "அன்ரி, முதுகும் பாக்கவேணுமெண்டால் தோடம்பழ இனிப்புத் தரவேணும்" என்றான்.

"எட, அம்மாள் வந்தும் உன்ரை வாய் அடங்கேல்லையே!" என்று அவள் சிரித்துவிட்டாள். பிறகு குரல் மாறியது. "இது அது இல்லை மாஸ்ரர். இது தண்ணிக் கொப்புளம். அது வேறை."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"நீங்கள் சொன்னால் ஆர் நம்புறது? நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுற ஆள்." குசினிக்குள் அடுப்படியில் நின்ற என் மனைவி சிரித்தது முற்றம் வரை கேட்டது.

வியாழனன்று அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். குழந்தை வீரிட்டு அழுதது எங்கள் வீடு வரை கேட்டதாக நான் இன்றைக்கும் சொல்லுவேன். வாசிகசாலை அவ்வளவு கிட்ட இல்லை என்று மனைவி மறுப்பாள்.

ஒரு மாதத்துக்குப் பின் சின்னமுத்து வந்தது. முதலில் எதிர்வீட்டுச் சிறுமிக்கு. ஊசி வருவதற்கு முன் பிறந்தவள். காய்ச்சல் தொடங்கிய அன்றுகூடப் பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துத் திரிந்தவள். அதற்குப் பிறகு ஊசி போடாத பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். காலையில் மூன்று வேப்பிலை, மாலையில் நாலு, அடுத்த கிழமை ஆறு. ஊசி போட்ட சின்னஞ்சிறுசுகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தன. ஒழுங்கை முடிவில் மட்டும் ஊசி போட்ட ஒரு பிள்ளைக்கும் வந்தது. கணக்கில் அதை விடமுடியாது. ஆனால் லேசாகப் போட்டு, மூன்றாம் நாளே மாமரத்தடியில் பந்தடித்தான். என் மகனுக்கு வரவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் பாடசாலையால் வந்தவன் சைக்கிளிலிருந்து விழப்பார்த்தேன். பக்கத்து வீட்டுப் படலையில் வேப்பிலை. பெரிய கொத்து.

சைக்கிளைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடினேன். "பிள்ளை! எப்ப துவங்கினது? கண் சிவந்திருக்கோ? இருமலோ?"

பொட்டு வழியாக அவள் எட்டிப்பார்த்தாள். இடுப்பில் குழந்தை. ஒரு புள்ளி இல்லை. கையிலிருந்த முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை மாஸ்ரர். பெட்டை வடிவா இருக்கிறாள்."

"பிறகேன் வேப்பிலை?"

"ஒழுங்கை முழுக்க அம்மாள் நடந்து திரியிறா. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே வந்திட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு அங்காலை போகட்டும். ஊசியும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. படலைக்குத் திரும்பிப்போய், ஏழில் ஒன்றைக் கழித்து ஆறு என்று சொல்லிக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினேன்.