மாதா கோயில் கேசட்டில் என் குரல்

கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகள் நிற்கும் டீக்கடையில், ஓர் இளம் டிரைவரின் செல்போனில் டிரம் சத்தம் கேட்டது. நடுவில் ஒரு பையன், "அண்ணே, விடாதீங்க!" என்று கத்தினான். அது என் குரல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெடுங்காட்டுத் தவில்காரர் ஒருவர்மேல் எனக்கும் சேசுராசுக்கும் பைத்தியம். அவர் தவிலை ஊரே கேட்கும். மாதா கோயில் திருவிழாவில் சிவப்பு யூனிபாரம் மாட்டி, பேண்டு செட்டோடு அவர் டிரம் அடிப்பதைத்தான் நாங்கள் தேடிப் போவோம்.

"துணிய மாத்துனாலும் கை மாறல பாத்தியாடா" என்பான் சேசுராசு. அவன் மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டரைத் தோளில் சுமந்து தேருக்குப் பின்னால் நான் நடப்பேன். பள்ளிக்கூடத்துக்கு நடந்தது அதைவிடக் குறைவு.

ஒரு திருவிழாவில் அவர் பேண்டு பாட்டுக்கு நடுவே தவிலில் தாளக்கணக்கை முடித்துவைக்கும் தீர்மானம் ஒன்றை அப்படியே டிரம்மில் இறக்கினார். மறுநாள் அந்தப் பதிவைக் கேட்க சேசுராசு வீட்டுக்குப் போனேன்.

"டேப்பு சிக்கி அறுந்துபோச்சுடா" என்று சேசுராசு அழுதான். நான்தான் தேற்றினேன். இன்னொரு தடவை அதைக் கேட்டுவிடலாமென்று அவர் பின்னால் ஊர் ஊராக அலைந்தேன். பட்டினி பழகிவிட்டது, அந்த வாசிப்பு திரும்ப வரவில்லை.

இப்போது டீக்கடையில், டிரைவரின் செல்போனில் அதே தீர்மானம். "யாரு தம்பி இத பதிவு பண்ணது?" என்று அவனிடம் கேட்டேன்.

"எங்கப்பா சேசுராசுங்க. பீரோவுலயே பூட்டி வச்சிருந்தாரு. இப்பத்தான் செல்லுல ஏத்துனேன்."

"நடுவுல கத்துறது?"

"அவருதாங்க. சின்ன வயசுல அப்படித்தான் கத்துவாராம்."

அன்றைக்கு நான் கத்தியதும், பதிவு கெட்டுப்போகும் என்று என் வாயைப் பொத்தினவன் சேசுராசு.