துணிப்பையைப் பற்றிப் பேச மல்லேஸ்வரம் போன ஞாயிறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து மல்லேஸ்வரம் போய் வந்தேன். சிறுதொழில் செய்பவர்களுக்கும் தொண்டு அமைப்பு தொடங்கியவர்களுக்கும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் இலவசமாகப் பாடம் நடக்கிறது. கடைசி வகுப்புக்கு ஒவ்வொருவரும் தம் வாடிக்கையாளர் ஒருவரைக் கூட்டி வர வேண்டும். அந்த வகையில் என்னைக் கூப்பிட்டவர் ஸ்டெல்லா. கார்மென்ட்ஸ் வேலையில் இடுப்பு போய் நின்றுவிட்ட பன்னிரண்டு பெண்களை வைத்து, சந்தாபுராவில் ஒரு டிரஸ்ட் நடத்தித் துணிப்பை தைக்கிறார். ஓசூரில் என் பாத்திரக்கடைக்கு அவர் பைதான்.

அவருக்கு அது முக்கியமான வாரம். பல கிளைகள் உள்ள ஒரு கடை பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் நகையை அடகு வைத்துப் புது மெஷின் வாங்கியாக வேண்டும்.

காலை ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினேன். சந்தாபுரா பதினாறு கிலோமீட்டர். அத்திப்பள்ளியில் நெரிசல் இல்லாவிட்டால் நாற்பது நிமிடம். அங்கே ஸ்டெல்லா சேர்ந்துகொண்டார். பொம்மசந்திரா மெட்ரோவுக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"மூணு கிலோமீட்டருக்கா? ஆட்டோவ வாடகைக்கு விடுறீங்களா, விக்கிறீங்களா?" என்றேன்.

"மெட்ரோ ஏறுறவங்க எல்லாம் வசதியானவங்க சார்," என்றார், சுத்தமான தர்மபுரித் தமிழில். எண்பதுக்கு முடிந்தது.

மெட்ரோவுக்குத் தொண்ணூறு ரூபாய். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, சம்பிகே ரோட்டில் இறங்க வேண்டும். மாறுவதையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் கால் தானாக எட்டாவது கிராஸ் பக்கம் திரும்பியது. இருபது வயதில் நான் சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு சுற்றிய தெருக்கள் இவை. பழைய சரிகைப் புடவைக்கு டவரா செட், நாலு பேன்ட்டுக்கு ஒரு தூக்கு. ஒரு வீட்டு முன்னால் "பழைய துணி" என்று தமிழில் கூவுவேன், அடுத்த வீட்டில் "ஹளே பட்டே" என்று கன்னடத்தில். பூக்கடைகளும் காபி வாசனையும் அப்படியே இருக்கின்றன. வீடுகள்தான் மாடி மாடியாக ஏறிவிட்டன. அந்த நாளில் ஒரு வீட்டம்மா ஒவ்வொரு குண்டானையும் சுண்டிப் பார்த்து, "தகடு மெல்லிசு," என்று சண்டை போடுவார். வாராவாரம் வாங்கியதும் அவர்தான். சிரித்த முகத்தோடு "இன்னிக்கு வேணாம்பா" என்றவர்கள் அதன்பிறகு கதவே திறக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

வகுப்பில் முப்பது பேர் இருக்கும். நடத்துகிறவர் ஒரு கன்னடக்கார மேடம், தமிழும் பேசுகிறார். விதி ஒன்றுதான்: வாடிக்கையாளரை மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், முடியும்வரை முதலாளி வாய் திறக்கக் கூடாது.

நான் புகழத்தான் தயாராகப் போயிருந்தேன். "நல்ல காரியம் செய்றாங்க. பன்னெண்டு குடும்பம் பொழைக்குது," என்றேன்.

ஊறுகாய் தொழில் செய்யும் ஒரு பெண் விடவில்லை. "அது அவங்களப் பத்தி சார். பையப் பத்திச் சொல்லுங்க."

பொய் சொல்லி வியாபாரம் செய்திருக்கலாம். ஆனால் நகை அடகுக்குப் போகும்போது பொய் சொல்ல வாய் வரவில்லை. "துணி நல்லாருக்கு. பாத்திரம் வச்சா கைப்பிடி பிச்சுக்குது. பக்கத்து டெய்லர்கிட்ட குடுத்து மறுபடி தச்சுத்தான் கஸ்டமருக்குக் குடுக்குறேன்."

"அண்ணா, எப்பலேர்ந்து..." என்று ஸ்டெல்லா எழுந்துவிட்டார்.

"ஸ்டெல்லா, மாத்தாடபேடி, பேசக் கூடாது," என்று மேடம் உட்கார வைத்தார்.

"அவங்ககிட்ட ஏன் சார் சொல்லல?" என்றார் பீன்யாவில் இலவச டியூஷன் நடத்தும் ஒருவர்.

"மனசு கஷ்டப்படுவாங்கன்னு."

"அப்ப நீங்க வாங்குனது பை இல்ல சார். நன்கொடை குடுத்திருக்கீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

திரும்பும்போது ஆர்.வி. ரோட்டில் ஸ்டெல்லா வண்டி மாறியதும் ஆரம்பித்தார். "ஆட்டோக்காரர்கிட்ட எழுபது ரூபாய்க்கு அவ்ளோ பேசுறீங்க. என்கிட்ட மட்டும் வாய்ல என்ன பூட்டா?" பதிலுக்குக் காத்திருக்காமல் பெரிய ஆர்டர் தருவதாகச் சொன்ன கடைக்குப் போன் செய்தார். முதலில் சாம்பிள் அனுப்புகிறேன், எடை போட்டுத் தூக்கிப் பாருங்கள், பிறகு பேசலாம் என்றார். அதற்குள் வேறு ஆளைப் பார்த்தாலும் பார்ப்போம் என்றார்களாம்.

"போனாப் போகட்டும்," என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. இறங்குமுன் என்னிடம், "இனிமே பிஞ்சா திருப்பி அனுப்புங்கண்ணா. பன்னெண்டு குடும்பம்னு பாத்து வச்சுக்காதீங்க," என்றார்.

இப்படி யாராவது உங்களைக் கூப்பிட்டால் போய் வாருங்கள். ஓசூர்ப் பக்கமிருந்து போனால் போக்குவரத்துக்கு ஐந்நூறு ரூபாய் தாராளம். ஞாயிறன்று மெட்ரோ ஏழு மணிக்குத்தான் தொடங்கும். அவர்கள் தருவது டீ மட்டும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போகுமுன் அந்தச் சரக்கை ஒரு நாளாவது கையில் எடுத்துப் பயன்படுத்திப் பாருங்கள். நல்ல மனிதர் என்று சான்றிதழ் கொடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஸ்டெல்லா புதுத் தையல் போட்டு அனுப்பிய முதல் கட்டில் மூன்று பை பிய்ந்தது. கட்டோடு திருப்பி அனுப்பினேன். "வந்துச்சு," என்று மட்டும் போனில் சொன்னார், கடுப்பாக. அடுத்த வாரம் இன்னொரு கட்டு வந்தது. பெரிய கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தக் கட்டிலிருந்து ஒரு பையில் பெரிய இட்லிக் குண்டானை வைத்துக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை விழவில்லை.